கில்பர்ட் வீட்டுக்கு வந்த இரண்டு பெட்டிகள்

மனித குலத்தின் செவிப்புலன் வரலாற்றை எழுதப் புகுவோர் அதை இரண்டு பாகங்களாகப் பிரிப்பதே முறை: கில்பர்ட் ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன், வாங்கியதற்குப் பின். முதல் பாகத்தில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. ஆதாம் காலத்திலிருந்து மக்கள் ஏதோ காதில் விழுந்ததைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்து செத்துப்போனார்கள். இரண்டாம் பாகம் மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில், தாமான் என்று சொல்லப்படும் ஒரு குடியிருப்பின் கடைசி வரிசை வீட்டில் தொடங்குகிறது. அரசாங்கம் அந்த ஊருக்கு வேறு பெயர் வைத்து வெகுகாலம் ஆகிறது. ஊர்க்காரர்கள் காதில்தான் அது இன்னும் விழவில்லை.

கில்பர்ட் செம்பனை எண்ணெய் ஆலையில் தலைமைக் கிராணியாகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கொதிகலன் இரையும் இடத்துக்கு அடுத்த அறையில் வேலை பார்த்ததால் அவருடைய காது நம்முடையதைப் போன்றதல்ல, வெந்து பக்குவப்பட்ட காது. ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த ஈ.பி.எஃப். பணத்தில் ஒழுகும் கூரையை மாற்றலாமே என்று மனைவி வெரோனிக்கா அற்பமான யோசனை ஒன்றை முன்வைத்தார். கில்பர்ட் ஐரோப்பாவிலிருந்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் வரவழைத்தார். ஆள் உயரம். பெயர் மார்க் ஒன். கூரை இன்றும் ஒழுகுகிறது. ஆனால் அது சொட்டுவது இடப்பக்கமா வலப்பக்கமா என்று கில்பர்ட் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். இந்த வசதி தாமானில் வேறு எந்த வீட்டில் இருக்கிறது, சொல்லுங்கள்?

மார்க் ஒன் பாடியபோது "தேவதூதர்களே இறங்கி வந்தார்கள்." அடுத்த வருடம் மார்க் டூ வந்தது. உடனே மார்க் ஒன் "தகர டப்பா" ஆயிற்று. மார்க் த்ரீ வந்தபோது மார்க் டூவுக்கும் அதே கதிதான். ஒவ்வொரு முறையும் வட சிலாங்கூர் உன்னத ஒலிக் கழகம் அவசரமாகக் கூடி, "இசைக்கும் நமக்கும் நடுவே இருந்த திரை ஒன்று விலகியது" என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. கழகத்தின் தலைவர் கில்பர்ட். செயலாளர், பொருளாளர், உறுப்பினர், பொதுமக்கள் ஆகிய மற்ற பொறுப்புகளைச் சுங்கை புரோங்கில் நெல் அறுக்கும் மெஷின் வைத்திருக்கும் சுகுமாறன் ஒருவரே சுமந்தார்.

"அப்ப இவ்வளவு நாளா போர்வைக்குள்ள இருந்தா பாட்டு கேட்டீங்க?" என்று வெரோனிக்கா கேட்டார். ஞானம் இல்லாதவர்கள் கேட்கும் கேள்வி என்பதால் கழகம் அதைப் பதிவு செய்யவில்லை.

கில்பர்ட் பாட்டா கேட்டார்? சேச்சே. பாட்டை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அவரிடம் ஓர் இசைத்தட்டு இருந்தது. ஏதோ ஒரு வெள்ளைக்காரச் சபையில் பதிவு செய்தது. அதில் வயலின் இறங்கும் இடத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் இருமுவார். அந்த இருமலைத்தான் கில்பர்ட் கேட்டார். மார்க் ஒன்னில் இருமியது ஆண் என்று தெரிந்தது. மார்க் டூவில் வயதானவர் என்று தெரிந்தது. மார்க் த்ரீயில் அவர் சுருட்டுக் குடிப்பவர் என்பதே தெரிந்துவிட்டது. மார்க் ஃபோர் வந்தால் அவர் எந்த மருந்து சாப்பிட வேண்டும் என்றுகூடச் சொல்லிவிடலாம் என்பது கழகத்தின் எதிர்பார்ப்பு. அடுக்களையில் வெரோனிக்காவும் சில வாரங்களாக இருமிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அது பதிவு செய்யப்படாத இருமல். ஆய்வுக்கு உகந்ததல்ல.

இப்பேர்ப்பட்ட ஆராய்ச்சிக்கு இடம் வேண்டாமா? ஹாலில் இருந்த சோபா சத்தத்தை விழுங்குகிறது என்று முதலில் வெளியேற்றப்பட்டது. திரு இருதய ஆண்டவர் படத்தின் கண்ணாடி சத்தத்தைத் திருப்பி அடிக்கிறது என்ற குற்றச்சாட்டின்பேரில் ஆண்டவர் அடுக்களைக்கு மாற்றப்பட்டார். எதிரொலி வராதபடி சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைக்கப்பட்டது. ஒலி வந்து கூடும் இடம் ஒன்றே ஒன்று என்பதால் நாற்காலியும் ஒன்றே ஒன்று. அதில் யார் உட்காருவார் என்று கேட்க வேண்டியதில்லை.

இங்கேதான் வெரோனிக்காவின் குறுகிய மனப்பான்மை குறுக்கே வந்தது. தாமானில் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு முறை வைத்து அன்பிய ஜெபம் நடத்துவது வழக்கம். எல்லா வீட்டுக்கும் முறை வந்தது. வெரோனிக்கா வீட்டுக்கு மட்டும் மார்க் ஒன் வந்த வருடத்திலிருந்து வரவில்லை. 'அங்க உக்கார எடமில்ல' என்று ஊரே பெருந்தன்மையாகத் தாண்டிப் போய்விடும். தாண்டிப் போகிறவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார் வெரோனிக்கா. அந்த வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"என்னங்க, இந்தத் தடவ நம்ம வீட்ல வைக்கணும்," என்றார் ஒருநாள். "ஒரே ஒரு தடவ. என் வீட்டு ஹால்ல நாலு பேரு வந்து ஒக்காந்து ஜெபம் சொல்லணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

கில்பர்ட் பொறுமையாக விளக்கினார். "மனுச ஒடம்பு சவுண்ட உறிஞ்சிரும் வெரோ. அத்தன பேரு உள்ள வந்தா ஸ்பீக்கரோட பாஸு என்னாவுறது?"

"பாஸு என்னமோ ஆவட்டும். நான் என்னாவுறது?"

"அதான் சனிக்கெழம மார்க் ஃபோர் வருதுல்ல. வரட்டும் லா. அப்புறம் பேசலாம்."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று முனகிக்கொண்டே வெரோனிக்கா போய்விட்டார். அவ்வளவு கூர்மையான காதுக்கு இந்தப் பழமொழியைச் சொன்னது என்ன பொருத்தமோ, நமக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை வெரோனிக்கா கோலசிலாங்கூருக்கு மீன் வாங்கப் பஸ் ஏறினார். பஸ் போனதும் லோரி வந்தது. லோரியிலிருந்து நீளநீளமான இரண்டு மரப்பெட்டிகளை இறக்கினார்கள். "மெதுவா, மெதுவா! தலைப்பக்கம் தூக்கு! கால்பக்கம் எறக்காத!" என்று கில்பர்ட் பதறினார். கடல் கடந்து வந்த ஸ்பீக்கரை வந்த உடனே திறந்துவிடக் கூடாது. ஒரு நாள் முழுக்கப் படுக்க வைத்து நம் ஊர்ச் சூட்டுக்குப் பழக்க வேண்டும். இது உன்னத ஒலி உலகின் எழுதாத சட்டம். ஆகவே பெட்டிகள் இரண்டும் கார் போர்ச்சில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தப்பட்டன. வெயில் படாமலிருக்கக் கறுப்பு வெல்வெட் துணி போர்த்தப்பட்டது. கில்பர்ட் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, அந்த ஒரே நாற்காலியை வெளியே கொண்டுவந்து பெட்டிகளின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவருக்கு மனம் நிறைந்திருந்தது.

அப்போது சுகுமாறன் போன் செய்தார்.

"அண்ணே, ஒக்காந்திருக்கீங்களா?"

"ஒக்காந்துதான் இருக்கேன். என்ன தம்பி?"

"மனச தேத்திக்குங்கண்ணே. மார்க் ஃபைவ் வந்துருச்சாம். இப்பதான் கம்பெனிக்காரன் அறிவிச்சான்."

கில்பர்ட் போர்த்திக் கிடந்த பெட்டிகளைப் பார்த்தார். இன்னும் திறக்கவில்லை. ஒரு இருமல் கேட்கவில்லை. அதற்குள் உள்ளே இருப்பது தகர டப்பா ஆகிவிட்டது. தலையில் கையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். முப்பது வருடக் கிராணி உத்தியோகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர் அவர்.

எதிர்வீட்டுச் செல்லையா இதைப் பார்த்தார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். இப்போது தாமான் மரண சகாயச் சங்கத்தின் தலைவர். தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளில் ஒரு பழக்கம் இருந்தது. சாவு விழுந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. யார், எப்படி, எப்போது என்று துக்கத்தில் இருப்பவரைக் குடைவது மனிதத் தன்மையாகாது. வாயை மூடிக்கொண்டு ஆளுக்கொரு வேலையைச் செய்ய வேண்டும். செல்லையா இரண்டு பெட்டிகளைப் பார்த்தார், கறுப்புத் துணியைப் பார்த்தார், அழுகிற கில்பர்ட்டைப் பார்த்தார், வெரோனிக்காவைக் காணோம் என்பதையும் பார்த்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கூடாரம் எழுந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. தேத்தண்ணிக்கு அண்டா ஏறியது. உபதேசியார் அந்தோனி ஜெபமாலையும் கையுமாக வந்து சேர்ந்தார். சங்கத்தின் சுறுசுறுப்பைப் பார்த்தால் சாகாதவனுக்கும் ஆசை வரும்.

"அக்கா இருமிகிட்டே இருந்துச்சு. நான் அன்னிக்கே நெனச்சேன்," என்று மூக்கைச் சிந்தினார் பக்கத்து வீட்டுப் பிரேமலா.

"அது சரி, எதுக்கு ரெண்டு பெட்டி?" என்று செல்லையா தணிந்த குரலில் கேட்டார். "உங்க கிறிஸ்துவங்க வழக்கமா?"

"அளவு சரியில்லன்னா மாத்திக்கலாம்னு ரெண்டா அனுப்பியிருப்பான். சும்மா இருங்கண்ணே. சாவு வீட்ல கேக்கக் கூடாது," என்றார் பிரேமலா.

பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள். 'எங்க வெரோனிக்கா, எங்க தங்கமே, எனக்குப் பிரசவம் பாத்த மகராசி, கஷ்டம்னு வந்தா அரிசிய அள்ளிக் குடுத்த கையி' என்று ஆளுக்கொன்று சொல்லி மாரில் அடித்துக்கொண்டார்கள். பெயர் சொல்லித்தான் அழுதார்கள். கில்பர்ட்டின் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அழுதார்கள். கில்பர்ட் தம் துயரத்தில் மூழ்கிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லையா அவர் தோளைத் தட்டி, "மனச விட்டுறாதீங்க தம்பி," என்றபோது மட்டும் நன்றியோடு தலையாட்டினார். தாமானில் இவ்வளவு ஒலி ரசிகர்கள் இருப்பார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை.

வெரோனிக்கா மீன் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி முனை திரும்பினார். தம் வீட்டு வாசலில் சாவுக் கூடாரம் நிற்கிறது. வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள். "ஐயோ ஆண்டவரே, ஹாலும் வேணாம் ஒண்ணும் வேணாம். அந்த மனுசன் எத்தன ஸ்பீக்கர் வேணும்னாலும் வாங்கட்டும், ஆளு மட்டும் நல்லா இருந்தா போதும்," என்று வாய்விட்டு அரற்றிக்கொண்டே ஓடினார். மீன் பை ரோட்டில் கிடந்தது. செருப்பு ஒன்று எங்கோ கழன்று போயிற்று.

அவரைப் பார்த்ததும் ஒப்பாரி பாதியில் நின்றது. பிரேமலா வீறிட்டுக் கத்தினார். "யக்கா! நீங்க பெட்டிக்குள்ள இல்லியா?"

வெரோனிக்கா எதையும் காதில் வாங்கவில்லை. நேரே கணவரிடம் போய் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தடவிப் பார்த்தார். சூடு இருந்தது, மூச்சு இருந்தது. "ஒங்களுக்கு ஒண்ணுமில்லயே? ஏன் அழுவுறீங்க?"

கில்பர்ட் தேம்பினார். "மார்க் ஃபைவ் வந்துருச்சி வெரோ."

வெரோனிக்கா மெல்லக் கையை எடுத்தார். கூடாரத்தைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், தலைவிரி கோலமாக நிற்கும் பெண்களைப் பார்த்தார். வெல்வெட் துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். உள்ளே என்ன என்று பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

செல்லையாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "தப்பா நெனைக்காதம்மா. பெட்டி வந்துச்சு. தம்பி அப்புடி அழுவுறாரு. நீ இல்ல. ஒரு மனுசன் அந்த மாதிரி அழுதா அது பொண்டாட்டிக்காவன்னுதானம்மா நெனைப்போம்?"

வெரோனிக்கா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "எனக்காகவா இத்தன பேரும் வந்தீங்க?"

"பின்ன? யாருக்குன்னு நெனச்சீங்க?" என்று பிரேமலா அவரைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அழுதார். இந்த முறை சந்தோஷத்தில்.

"உபதேசியாரே, ஜெபமால இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப எல்லாரும் உள்ள வாங்க. இன்னிக்கி என் மொற."

சங்கத்து ஆட்களுக்குத் தூக்குவது கைவந்த கலை. மார்க் த்ரீ இரண்டையும் அலுங்காமல் வெளியே கொண்டுவந்து பெட்டிகளுக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். சாவுக் கூடாரத்து நாற்காலிகள் ஹாலுக்குள் போயின. ஆண்டவர் அடுக்களையிலிருந்து விடுதலையாகிப் பழைய ஆணிக்கே திரும்பினார். ஜெபமாலை முடிந்து எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். செல்லையாவும் தெரிந்த மட்டும் பாடினார். சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்த ஹால் அல்லவா? "என்னா சவுண்டு லா இந்த வீட்ல!" என்று பின்வரிசையில் யாரோ மெய்ம்மறந்து சொன்னார்கள். வெரோனிக்கா நடுவில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார், இருமலை அடக்க முடியாமல் சிரித்தார். பிரேமலா ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கில்பர்ட் போர்ச்சில் உட்கார்ந்து மார்க் த்ரீக்கும் மார்க் ஃபோருக்கும் சேர்த்துத் துக்கம் காத்துக்கொண்டிருந்தார்.

தேத்தண்ணி முடிந்தது. செல்லையாவின் ஆட்கள் சாவுக் கூடாரத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். வெரோனிக்கா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஜெபம் முடித்துக் கிளம்பியவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்," என்றார் வெரோனிக்கா. குரல் நிதானமாகத்தான் இருந்தது. "ஒங்க காலடியில ஒக்காந்து ஊரே என் பேரச் சொல்லி ஒப்பாரி வச்சிருக்கு. வெரோனிக்கா செத்துட்டா, வெரோனிக்கா போயிட்டான்னு. ஒங்களுக்குக் கேட்டிச்சா, கேக்கலியா?"

கில்பர்ட் நெற்றியைச் சுருக்கி நினைத்துப் பார்த்தார். எத்தனையோ குறை சொல்லலாம், ஆனால் ஒலி சம்பந்தப்பட்ட விஷயத்தில் அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

"கேட்டுச்சி வெரோ. நல்லாவே கேட்டுச்சி," என்றார். "வெளிச் சத்தம்னு விட்டுட்டேன்."

கூடாரத்துப் பக்கமிருந்து செல்லையாவின் குரல் வந்தது.

"டேய், கயித்த அவுக்காதீங்கடா. கொஞ்சம் பொறுங்க."