ஓரமா நிறுத்துங்க

"ஓரமா நிறுத்துங்க டீச்சர்! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

கணக்கு டீச்சர் பதறிப்போய் பிரேக்கின் மேல் ஏறியே நின்றுவிட்டார். பயிற்சிக் கார் ஒரு குலுக்குக் குலுக்கி, பெட்ரோல் பங்க் வாசலில் மூச்சை விட்டது.

"என்ன மாஸ்டர், நாய் கீய் குறுக்கே வந்துச்சா?"

பதில் சொல்ல மாஸ்டர் அங்கே இல்லை. கதவு மட்டும் திறந்து கிடந்தது. பங்க்கின் பின்பக்கம் அவருடைய வெள்ளைச் சட்டை ஓட்டமும் நடையுமாக மறைந்துகொண்டிருந்தது.

மாஸ்டருக்குச் சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல். அவர் கற்றுக்கொடுத்து ஊரில் பாதிப் பேர் வண்டி ஓட்டுகிறார்கள். மாணவர்கள் எங்கே கொண்டுபோய் இடிக்கப் பார்த்தாலும், தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கை அழுத்திக் காரை நிறுத்திவிடுவார். ஆனால் கொஞ்ச மாதமாக வந்திருக்கும் இந்தத் தொல்லைக்கு எந்தக் காலடியிலும் பிரேக் இல்லை. வந்தால் அந்த நொடியே போக வேண்டும். விழுந்தடித்துக்கொண்டு போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அப்பாடா என்று வந்து உட்கார்ந்தால் மறுபடியும் முட்டும்.

திரும்பி வந்தவரை டீச்சர் விடவில்லை. "எங்க மாஸ்டர் போனீங்க?"

"இது திடீர்னு ஓரங்கட்டுற பயிற்சி. வண்டி எப்படி நிக்குதுன்னு பின்னாடி போய்ப் பாத்தேன்."

"பாத்ரூம் பக்கமால்ல போனீங்க?"

"அங்கேருந்துதான் கோணம் நல்லாத் தெரியும்."

கோணம் என்றதும் கணக்கு டீச்சருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

மாஸ்டருக்குத் தீரவில்லை. தண்ணீர் குடித்தால்தானே வம்பு என்று குடிப்பதையே நிறுத்தினார். வெயிலில் தலை சுற்றியது. எரிச்சல் வேறு சேர்ந்துகொண்டது. முன்பைவிட அடிக்கடி ஓட வேண்டியதாயிற்று. டாக்டரிடம் போகலாம்தான். போய், அவர் அந்தப் பெரிய வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டால்?  நினைத்த பயத்திலேயே மறுபடி ஓட வேண்டியிருந்தது.

கடைசியில் பாதையை மாற்றினார். நூலகம், சினிமா தியேட்டர், பூங்கா, பெட்ரோல் பங்க் என்று கழிப்பறை இருக்கிற இடங்களையெல்லாம் கோர்த்து ஒரு வழி போட்டார். எல்லா மாணவர்களும் அந்த வழியில்தான் ஓட்டினார்கள். அந்தந்த வாசலில் சொல்லாமலே ஓரங்கட்டவும் பழகிவிட்டார்கள்.

ஸ்கூலின் ஆபீசைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி. "உங்க வண்டி தினமும் தியேட்டர் வாசல்லயே நிக்குதே, மாஸ்டருக்கு அங்க என்ன வேலை?" என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். மறுநாள் அவள் சத்தமில்லாமல் வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்கு?"

"சும்மா. காத்து வாங்கலாம்னு."

இன்றைக்கு உயிரே போனாலும் இறங்குவதில்லை என்று மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். டீச்சர் நூலகத்து வாசலில் அழகாக ஓரங்கட்டினார்.

"இங்கதானே மாஸ்டர்?"

"இல்லல்ல, போங்க."

தியேட்டர் வாசலிலும் வண்டி நின்றது.

"இன்னிக்கு இறங்கலையா மாஸ்டர்?"

"போங்கன்னு சொல்றேன்ல!" குரல் கீச்சென்று வந்தது.

பின்சீட்டில் மனைவியின் கண்கள் சுருங்கின. பூங்கா வந்தது. வண்டி முழுசாக நிற்பதற்குள் மாஸ்டர் குதித்து ஓடினார். மனைவியும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, 'ஆண்கள்' என்ற பலகையின் கீழே அவள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"இதுக்குத்தானா?"

"வேற எதுக்குன்னு நெனச்ச?"

"யாரையோ பாக்க ஓடுறீங்கன்னு நெனச்சேன்."

"இந்த வயசுல நான் இவ்ளோ வேகமா ஓடுற ஒரே இடம் இதுதாண்டி."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எத்தனை நாளா? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? நடங்க டாக்டர்கிட்ட!"

சிறுநீரக டாக்டர் சாவகாசமாக எல்லாம் விசாரித்தார். ஸ்கேன் எடுத்தார், ரத்தம் சோதித்தார். முடிவைச் சொல்கிற அன்று மாஸ்டர் மனைவியின் கையை விடவே இல்லை.

"புராஸ்டேட்னு ஒரு சுரப்பி. ஆம்பளைங்க எல்லாருக்கும் இருக்கு. வயசானா அது கொஞ்சம் பெருசாகி, சிறுநீர் போற பாதையை நெருக்கும். உங்களுக்கு அதான்."

"அந்தப் பெரிய வியாதி..."

"அதுக்கான அறிகுறி எதுவும் இல்லை. மாத்திரை எழுதித் தரேன். தண்ணியை நிறுத்தாதீங்க, காபியைக் குறைங்க, வருஷா வருஷம் வந்து காட்டுங்க. இதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டே பாதிப் பேர் முத்தவிட்டுட்டு வராங்க."

மாஸ்டர் ஆஸ்பத்திரிப் படிகளில் விசிலடித்துக்கொண்டே இறங்கினார். சில வாரத்தில் பூங்காவையும் தியேட்டரையும் திரும்பிப் பார்க்காமல் தாண்ட முடிந்தது.

மாஸ்டருக்குச் சரியாகிவிட்டது. டீச்சருக்குத்தான் பழக்கம் போகவில்லை.

இந்த நேரம் பார்த்து லைசென்ஸ் தேர்வு வந்தது. தேர்வு எடுக்கும் இன்ஸ்பெக்டருக்கு ஊரார் வைத்த பெயர் 'பிரேக் சார்'. அவரிடம் போனால் எல்லாருடைய லைசென்ஸும் நின்றுவிடும். சிரித்து யாரும் பார்த்ததில்லை. "இனி உங்க ஆளு யாராவது சொதப்பினா, ஸ்கூலையே மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்று போன முறையே மாஸ்டரை எச்சரித்திருந்தார்.

டீச்சரும் பிரேக் சாரும் கிளம்பிப் போனார்கள். போனவர்கள் வரவே இல்லை. மாஸ்டர் தேர்வு மைதானத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒருவழியாகக் கார் வந்து நின்றது. டீச்சர் அழாத குறையாக இறங்கினார்.

"போச்சு மாஸ்டர். கை தன்னால திருப்பிடுச்சு. நூலகம், தியேட்டர், பூங்கா, ஒண்ணு விடாம நிறுத்திட்டேன்."

"ஐயோ! அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லல. ஒவ்வொரு தடவையும் விறுவிறுன்னு இறங்கிப் போயிட்டாரு. யாருக்கோ ஃபோன் பண்ணி நம்மளைப் பத்திப் புகார் சொல்றாரு போல."

மாஸ்டருக்கு ஸ்கூலின் பெயர்ப்பலகையை யாரோ கழற்றி இறக்குவதுபோல் இருந்தது.

பிரேக் சார் அவரைக் கையசைத்துத் தனியே கூப்பிட்டார். "அந்த ரூட் நீங்க போட்டதா?"

"ஆமா சார். என் தப்புதான் சார். அவங்க மேல கோவப்படாதீங்க."

"அவங்களுக்குப் பாஸ் போட்டாச்சு." பிரேக் சார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"நீங்க எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்க?"