புயல் மாமு சொன்ன ஊர் வரலாறு

எங்கள் ஊரின் வரலாறு எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது முழுவதும் புயல் மாமுவின் வாயில் இருந்தது. மணமேல்குடிக்குத் தெற்கே, பத்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய கடலோர ஊர் எங்களுடையது. மாமு சொல்லிக் கேட்டால், அதைச் சுற்றிவரக் குதிரை வேண்டும்.

மாமுவுக்கு மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும், சொட்டு மருந்து கொடுக்க வந்த நர்சம்மாவானாலும் சரி, வரலாறு கேட்காமல் பஸ் ஏற முடியாது. திசை தப்பிய அரபுநாட்டுக் கப்பல் ஒன்று, எங்கள் வீட்டு மீன் ஆணம், அதாவது குழம்பு, கொதிக்கிற வாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் கரைக்கு வந்ததாம். நண்டு சாப்பிட வந்த ராஜா ஒருவர், விரலில் கடி வாங்கிக்கொண்டு திரும்பினாராம்.

கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர், "ராஜாவையா கடிச்சுச்சு?" என்று கேட்டுவிட்டார்.

"நண்டுக்கு எப்படிங்க தெரியும்? அவரு கிரீடத்தக் கழட்டி வச்சுட்டுல்ல ஒக்காந்திருந்தாரு" என்றார் மாமு. அந்த முறை பாதி ஊருக்கு மீட்டர் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் மேலே நிற்பது புயல் கதை. மாமுவின் பதினெட்டு வயதில் வந்த பெரும் புயல். நெஞ்சளவுக்குக் கடல் ஊருக்குள் நிற்கிறது. எங்கிருந்தோ ஒரு குடும்பம் மிதந்து வருகிறது. மாமு பாய்ந்து நீந்தி, காளிமுத்துவையும் அவர் மனைவி மக்களையும் ஒவ்வொருவராகக் கரை சேர்க்கிறார். அன்றைக்கு அவர்கள் ஒதுங்கிய இடம்தான் கிழக்கு ஓரத்தில் இன்றும் இருக்கும் வீடு. காளிமுத்து உயிரோடு இருந்தவரை, இந்தக் கதை நடக்கும்போது பக்கத்திலேயே பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிரிப்பார், வாய் திறக்க மாட்டார். என்னைப் போல் புயலுக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது சிறப்பு மலர் போட்டோம். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் ஊர் வரலாறு என் தலையில் விழுந்தது. பிஸ்மி சொல்லித் தொடங்கி, மாமு சொல்லச் சொல்ல எழுதினேன். நண்டை விட்டுவிட்டேன். புயலை விடவில்லை. அச்சாகி வந்ததும் மாமு ஒரு கட்டு மலரை வாங்கி வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்தார்.

பட்டா விசாரணைக்கு வந்த தாலுகா ஆபீஸ் மேடத்துக்கும் ஒன்று கொடுத்தார். அங்கேதான் பிடித்தது சனி.

காளிமுத்துவின் மருமகள் செல்வி, அந்த வீட்டுக்குப் பட்டா கேட்டு மனு போட்டிருந்தாள். பழைய ரசீதெல்லாம் புயலோடு போய்விட்டது. ஊர்க்கூட்டத்தில் மேடம் எங்கள் மலரைப் பிரித்து வைத்துக்கொண்டார். புயலுக்கு முன்பிருந்தே குடியிருப்பவர்களுக்குத்தான் பட்டா என்றார். இவர்கள் புயலில் வந்து ஒதுங்கியவர்கள் என்று உங்கள் புத்தகமே சொல்கிறது, வீட்டைக் காலி செய்யச் சொல்லித்தான் எழுத வேண்டியிருக்கும் என்றார்.

செல்வி என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்கதானே எழுதுனீங்க?"

அல்லாஹ்வின் வீட்டுக்காகப் போட்ட மலரில் என் கை எழுதியது, ஒரு குடும்பத்தை வீதியில் நிறுத்தப் பார்க்கிறது. நான் மாமுவைப் பார்த்தேன். மாமு மின்விசிறியைப் பார்த்தார். அது மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும். எழுந்தார்.

"மேடம், அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போடுங்க. காளிமுத்து எங்கிருந்தும் வரல. புயலுக்கு முன்னாடியே அந்த வீடு அங்கிட்டுத்தான் இருந்துச்சு. மெதந்து போனது நான். எனக்கு நீச்சலே தெரியாது. அவருதான் என் முடியப் புடிச்சு இழுத்து, அவரு வீட்டுக் கூரை மேல தூக்கி வச்சாரு. தண்ணி வடியிற வரைக்கும் அதுல ஒக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன்."

அன்றைக்கு ஒன்று இன்றைக்கு ஒன்று சொன்னால் எதை நம்புவது என்று மேடம் கேட்டார்.

"பெருமைக்குப் பொய் சொல்லலாம் மேடம். இத எதுக்குங்க ஒருத்தன் பொய்யாச் சொல்லுவான்?"

அதன் பிறகு வயதான இரண்டு பேர் எழுந்து, கூரைமேல் அழுத ஆளைத் தாங்களும் பார்த்ததாகச் சாட்சி சொன்னார்கள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றார் மேடம். "காப்பாத்துன காளிமுத்தே சிரிச்சுக்கிட்டு இருந்துட்டாரு. நாங்க எதுக்குங்க குறுக்க விழணும்?" என்றார் ஒருவர்.

பட்டா வந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மாமு டீக்கடைப் பக்கமே தலைகாட்டவில்லை. ஐஸை உடைப்பார், தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போவார். ஒருநாள் செல்விதான் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மாமு, எங்க மாமனாரு கதைய இன்னொருக்காச் சொல்லுங்க. அவரு வீட்டுல இதப் பத்தி ஒரு நாளும் வாயத் தொறந்ததில்ல."

அன்றிலிருந்து மாமு அந்தக் கதையைத்தான் சொல்கிறார். காளிமுத்து மட்டும் வாராவாரம் வளர்ந்துகொண்டே போகிறார். போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து டீக்கடையில் கேட்டபோது, ஒரு கையில் மாமுவையும் மறு கையில் இரண்டு மாடுகளையும் பிடித்துக்கொண்டு நீந்தினார். செல்வி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாடு வந்தபோது மாமு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா மாமு" என்றேன்.