வெறுந்தேநீரும் இஞ்சி ஈரட்டியும்

வெள்ளவத்தை

கலையால் கடல் கடந்து பெயர் நாட்டிய அருமை மருமகன் இராகுலனுக்கு,

தாய்மாமன் வரையும் மடல். இங்கு யாவரும் நலம். தொடர்வண்டிப் பாதைக்கு அப்பால் கடலும் அடங்கிக் கிடக்கிறது. கனடாவின் பனி உம்மை வாட்டாதிருக்க வாழ்த்துகிறேன்.

ஆள் மாறிக் கடத்தி அல்லற்படும் மூன்று மூடர்களைப் பற்றிய உமது நகைச்சுவைப் படத்துக்கு, இங்குள்ளோர் கருத்தைத் திரட்டி அனுப்பப் பணித்திருந்தீர். நேற்றுப் பிற்பகற் காட்சிக்கே குறிப்பேட்டோடு சென்றேன். படத்தில் பிறமொழிச் சொற்கள் கொட்டிக் கிடப்பது கண்டு நெஞ்சு கொதித்தேன். பிறர் பேச்சை உள்ளபடி பெயர்த்தெழுதும்போதன்றி, என் எழுதுகோலிலிருந்து அத்தகைய சொல்லொன்று விழுமானால், அதை எழுதுபவன் நான் அல்லன்! அது கிடக்க. அரங்கு குலுங்கிச் சிரித்தது. வாயிலில் நின்று, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த றஞ்சிதம் அம்மையாரை முதலில் கேட்டேன். "சிரிச்சுச் சிரிச்சு விலா நோகுது மாஸ்டர். ஆனா பக்கத்தில இருந்த ஐயா பல்லையே காட்டேல்ல. 'கயிறு அப்பிடிக் கட்டப்படாது' எண்டு மெல்லமாச் சொல்லிக்கொண்டிருந்தவர்" என்றார். அதே ஐயாவின் மறுபுறம் அமர்ந்திருந்த துறைமுக எழுத்தர் றேமண்ட் என்பவரோ, "என்னட்டயும் சொன்னவர் அங்கிள், 'பேரைக் கேக்காம ஏத்தினது பிழை' எண்டு. டைரக்டரின்ர ஆளாக்கும் எண்டு நினைச்சன்" என்றார்.

அந்த ஐயாவைத் தேடும் வேலை எனக்கு இருக்கவில்லை. என் தோளருகே நின்றார். படிய வாரிய தலை, வங்கி மேலாளரைப் போன்ற பணிவு. "உங்கட மேடைப்பேச்சு ஒண்டையும் நான் தவற விடேல்ல மாஸ்டர். எல்லாம் எழுதி வச்சிருக்கிறன்." இராகுலா, அரை நூற்றாண்டு முழங்கியும், என் உரையை இறுதிவரை கேட்டதாக ஒருவர் சொன்னது அதுவே முதன்முறை! உள்ளம் பூரித்தேன். பூரிப்பு அடங்குமுன் அவர் தொடர்ந்தார்: "படம் முழுக்கப் பிழை. ஒண்டு மட்டும் சரி. கண்ணைக் கட்டினாப் பிறகு பிளேன்ரீயும் இஞ்சி பிஸ்கட்டும் குடுக்கிறது. அதைத் தம்பிக்கு ஆர் சொன்னது?"

பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஆள் மாறி என்னைச் சிற்றுந்தில் ஏற்றி, ஒரு பகல் முழுதும் கண்கட்டி இருத்தி, வெறுந்தேநீரும் இஞ்சி ஈரட்டியும் தந்து, "தவறு நேர்ந்துவிட்டது" என இறக்கிவிட்டதை உம்மிடம் மட்டுமே சொன்னேன். நீரோ அதை ஊர் சிரிக்கப் படமாக்கினீர். ஆயிரம் மேடைகளில் முழங்கிய நான், குறிப்பேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். "பரவாயில்ல. பன்னிரண்டாந் திகதி காலமை வாறார்தானே, அவரிட்டயே கேக்கிறன்" என்றார். உமது வருகையை நான் எவருக்கும் சொன்னதில்லை. பின்னர் தம் ஊர்தியிலேயே என்னை வீட்டு வாயிலில் இறக்கினார். முகவரியை அவர் கேட்கவே இல்லை.

எனவே மருமகனே, வராதீர்! வானூர்திச் சீட்டைக் கிழித்தெறிக! தொலைபேசியை நம்பாமலே இம்மடலை எழுதுகிறேன்.

உமது இல்லமும் புகழும் ஓங்குக.

அன்புத் தாய்மாமன்

பி.கு.: மேலே எழுதினது எல்லாம் பகிடி. ஐயா இப்ப இங்கதான் இருக்கிறார். கடிதத்தைத் தானே போஸ்ட் பண்ணுறாராம். ஒண்டும் வெட்ட வேண்டாம், தம்பி பகிடிக்காரன், வாசிச்சுச் சிரிச்சுப்போட்டு வருவார் எண்டு சொல்லுறார். ஏர்போர்ட்டுக்கு வேன் வரும். இந்த முறை பேரைக் கேட்டுத்தான் ஏத்துவினமாம். பிஸ்கட் இப்பவும் இஞ்சிதான்.