அளவெடுத்துச் செய்த மேசை

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் எழுத்தராக இருக்கிறாரே, அவர் வாங்காத திட்டு கிடையாது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் திட்டு. வந்தால் கலங்கலாக வந்ததென்று திட்டு. பாவம், மேகத்தையா மேசைக்குள் பூட்டி வைத்திருக்கிறார்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உட்கார இடமில்லை. கூடத்தில் மனைவியின் தையல் மெஷின் கடகடக்கும். பின்னறைப் படுக்கையில் தைத்த துணி மலையாகக் குவிந்திருக்கும். மழைக்காலம் முழுக்க மாடிப்படியில் உட்கார்ந்து, மேல்வீட்டுக்காரர் தாண்டும்போதெல்லாம் காலை மடக்கிக்கொண்டார். 'செத்தால் கிடத்தக்கூட இடமிருக்காது போல' என்று ஒருநாள் தோன்றியது. அன்றைக்குத்தான் ஒரு முடிவுக்கு வந்து, மனைவியிடம் மெல்லப் பேச்சை எடுத்தார்.

"ஏம்மா, குட்டி எங்க உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுறா?"

"எங்க உட்கார்றா? அடுப்படியில, என் காலடியில, குப்புறப் படுத்துக்கிட்டு."

"அதான் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாச் சாயுது. பிள்ளைக்குன்னு ஒரு இடம் வேணாமா?"

"வேணும்தான். செய்யுங்க."

அம்மாவின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் மகளுக்குப் பென்சில் நகரும் என்பது அவருக்குத் தெரியாதா? நாலு நாளில் அந்த இடம் தானாகத் தன் கைக்கு வந்துவிடும் என்பது அவர் போட்ட கணக்கு.

பின்னறை ஜன்னலோரம் தச்சர் அளவெடுத்தார்.

"மூணாங்கிளாஸ் பாப்பாவுக்கு இவ்வளவு உயர மேசையா சார்?"

"வளர்ற பிள்ளைய்யா."

"சாய்வு நாற்காலி?"

"முதுகு முக்கியம்யா!"

விளக்கு வந்தது. அலமாரி வந்தது. சத்தம் நுழையாமல் தடித்த திரையும் வந்தது. மனைவி ஒன்றுக்குமே மறுப்புச் சொல்லவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

குட்டி ஏறி உட்கார்ந்தாள். கால் அந்தரத்தில் தொங்கியது. மோவாய் மேசை விளிம்பில் இடித்தது. புத்தகப்பையை இழுத்துக்கொண்டு அடுப்படிக்கே ஓடிவிட்டாள்.

அவர் பூனைபோல் நுழைந்தார். திரையை இழுத்துவிட்டார். சாய்ந்தார். அப்பாடா! ஒரு பெருமூச்சுதான் விட்டிருப்பார், திரை விலகியது.

மனைவி. கையில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம்.

"பொருத்தமா இருக்குங்க. உங்களுக்கே செஞ்ச மாதிரி."

"இல்லம்மா... நாற்காலி ஆடுதான்னு பார்த்தேன்."

"ஆடாது. பதவி உயர்வுப் பரீட்சை எழுதுங்கன்னா, 'படிக்க இடம் எங்க'ன்னு வருஷக்கணக்கா அழுதீங்களே. நீங்க தச்சர்கிட்ட உயரம் சொன்ன அன்னைக்கே உங்க ஆபீசுக்குப் போய்ப் பேரைக் கொடுத்துட்டேன். அடுத்த மாசம் பரீட்சை."

"நான் வேணா மாடிப்படியிலயே..."

"அங்க வெளிச்சம் பத்தாதுங்க."

திரை மூடிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. செத்த மனதோடு புத்தகத்தைத் திறந்தார். முதல் பாடம்: 'பொதுமக்களின் புகார்களைப் பொறுமையாகக் கேட்பது எப்படி?'

அடுப்படியிலிருந்து குட்டியின் குரல் வந்தது.

"அம்மா, அப்பாவோட வீட்டுப்பாடத்தை யாரும்மா திருத்துவா?"

"நீதாண்டி. சிவப்புப் பேனாவை எடுத்துக்கோ."