ஐஸ்கிரீம் கடையில் அடைக்கலம் புகுந்த குப்பி

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நாங்கள் மூவரும் சௌக்கியம். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உங்கள் அக்கா போனில் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். மீதிப் பாதியில் என் மானம் இருப்பதால் முழுவதையும் நானே எழுதுகிறேன்.

என் மகள், அதாவது உங்கள் மருமகள், ரத்த வகைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்வது தெரிந்ததுதானே. ஒருவருடைய ரத்தம் ஏ வகையா பி வகையா என்று தீர்மானிப்பது ஒரு நொதியாம். செல்களின் மேல் ஒரு சர்க்கரையை ஒட்டுவது அதன் உத்தியோகம். அந்த நொதி எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்று உண்டு, அதை முயலின் உடம்பில் உண்டாக்கி எடுக்கிறார்கள், அதற்காக நான்கு மாதம் காத்திருந்தாள், அது இல்லாவிட்டால் ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் இல்லை, பட்டமும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்ததால் பார்சலுக்கு வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, ஒரு கருத்தரங்குக்காக வெளியூர் கிளம்பினாள். கிளம்பும்போது, "ஓ வகைக்காரங்ககிட்ட அந்த நொதி வேலையே செய்யாதுப்பா" என்றாள். நான் ஓ வகை. "அப்ப எனக்குள்ள ஒருத்தன் சும்மாவே உக்காந்திருக்கானா?" என்று கேட்டேன். உங்கள் அக்கா சமையலறையிலிருந்தே, "இதைக் கண்டுபிடிக்க முயலைத் தொந்தரவு பண்ணணுமா? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள். அப்போதே அந்தப் பார்சலை என் உயிரைக் கொடுத்தாவது காப்பது என்று தீர்மானித்துவிட்டேன்.

மறுநாள் காலை பார்சல் வந்தது. தலையணை அளவு தெர்மாகோல் பெட்டி, திறந்தால் ஐஸ் பை, அதன் கீழே இன்னொரு ஐஸ் பை, வேறொன்றும் காணோம். கொண்டுவந்தவரை வாசலிலேயே மடக்கி, "மருந்து எங்கப்பா?" என்றேன். "சார், நான் குடுக்கிற ஆளு, செய்யிற ஆளு இல்லை" என்று படியிறங்கிப் போய்விட்டார். உங்கள் அக்காதான் மூலையிலிருந்து சுண்டுவிரல் நுனியளவு குப்பியைத் தேடி எடுத்தாள். கூடவே இருந்த காகிதத்தில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல இருந்ததால் அதை மடித்து வைத்துவிட்டு, குப்பியை ஃப்ரீசரில் வைத்துக் கதவை மூடினேன், மூடிய கையோடு கரண்ட் போயிற்று. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டதாம், சாயங்காலம்வரை வராதாம். குப்பியை ஐஸ் பைகளுக்கு நடுவே வைத்து, வீட்டில் கட்டியிருந்த லுங்கியோடு அடுத்த தெரு ஐஸ்கிரீம் கடைக்கு ஓடினேன், அங்கேதான் ஜெனரேட்டர் உண்டு. "என்ன சார் இது?" என்றார் கடைக்கார அம்மா. எனக்குப் பொய் சொல்ல வராது. "ரத்தம்" என்று ஆரம்பித்தேன். கோனை நக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிறுத்திவிட்டார்கள். "சேச்சே, முயல்லேருந்து எடுத்தது" என்று சமாதானம் சொன்னேன், அவர்கள் கோனைப் போட்டுவிட்டு நடந்தார்கள். கடைசியில், "எம் பொண்ணோட படிப்பே இதுக்குள்ளதான்மா இருக்கு" என்றேன். அந்த அம்மா மாம்பழ ஐஸ்கிரீம் டப்பாவைக் காலி செய்து குப்பியை உள்ளே வைத்தார். "நீங்க இங்கயே உக்காருங்க. வர்றவங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

ஏழு மணி நேரம் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன். மாம்பழம் கேட்டவர்களையெல்லாம் வெனிலாவுக்குத் திருப்பினேன். மூன்று மணிக்கு உங்கள் அக்கா சாப்பாடு கொண்டுவந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஸ்டூலில் அவள் உட்கார்ந்து காவல் இருந்தாள்.

குப்பி இப்போது ஆய்வுக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது, நன்றாக வேலையும் செய்கிறதாம். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மகள் இதைப் படித்துவிட்டாள். குப்பிக்குள் இருந்தது உலர்த்திய பொடியாம். ஒரு வாரம் மேஜைமேல் கிடந்தாலும் ஒன்றும் ஆகாதாம், காகிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறேன். மூன்று வாரமாக உங்கள் அக்கா எதற்கும் என்னிடம் யோசனை கேட்கிறாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. படித்ததும் கிழித்துவிடுங்கள்.