சுங்கானுக்குள் இருந்த கறுப்பு

சுங்கான் ஐயாவைப் போல நாக்கை நம்பிய மனிதர் தலவாக்கலையிலிருந்து நோர்வூட் வரைக்கும் கிடையாது. கண்ணை நம்ப மாட்டார், காதை நம்ப மாட்டார், தோட்டத்து மேனேஜர் துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தையும் நம்ப மாட்டார். நாக்கில் பட்டால்தான் அவருக்கு உண்மை.

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் டீமேக்கர், கொழுந்து தூளாகிற வரைக்கும் எல்லாம் அவர் பொறுப்பு. நான் அதே இடத்தில் கணக்கெழுதும் கிளாக்கர். எந்நேரமும் புகையிலைப் பைப்பும் வாயுமாக இருப்பார். எங்கள் பக்கம் அதற்குச் சுங்கான் என்று பெயர், ஆகவே அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் எனக்கும் பதிவேட்டுக்கும் மட்டும் தெரியும்.

ஒரு கல்யாண வீட்டில் கொடுத்த பிளேன்டீயை ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போய் ஓடி வந்தார்.

"என்னங்க ஐயா, சீனி பத்தலைங்களா?"

"சீனி சரிம்மா. நேத்து இந்தப் பானையிலதானே கருவாட்டுக் கொழம்பு வச்சீங்க?"

அது சைவக் கல்யாணம். பெண் வீட்டார் எழுந்து நின்றுவிட்டார்கள். சமாதானம் பேசி உட்காரவைப்பதற்குள் நல்ல நேரம் தாண்டிப்போனது. இவரோ ஒரு மூலையில் இருந்து, "பானை மேல தப்பில்ல, கழுவுன கை மேலதான் தப்பு" என்று பானைக்காக வாதாடிக்கொண்டிருந்தார்.

"இப்படிப் பொகைக்கிறீங்களே, நாக்கு மரத்துப் போகாதுங்களா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"கத்திக்குச் சாணைக்கல்லு மாதிரி நாக்குக்குப் பொகை" என்றார். நானும் நம்பினேன். காலையில் வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் உறிஞ்சித் துப்பிவிட்டு, "இது ஏழாம் நம்பர் மலைக் கொழுந்து. மழை பெய்யறப்ப எடுத்திருக்காங்க" என்று சொல்கிற ஆளை எப்படி நம்பாமல் இருப்பது?

தொழிற்சாலைக்குள் பற்றவைக்கக் கூடாது. அதனால் காலிச் சுங்கானைக் கடைவாயில் கவ்விக்கொண்டுதான் வேலை பார்ப்பார். மார்கழியில் ஒருநாள் ரோலர் மெஷினுக்குள் குனிந்து யாரையோ திட்ட வாயைத் திறந்தார். சுங்கான் உள்ளே விழுந்தது. இருபத்தெட்டு வருஷத்துச் சுங்கான் இரண்டே சுற்றில் கொழுந்தோடு கொழுந்தாக அரைபட்டுப் போயிற்று. அவரே மெஷினை நிறுத்தி, அந்தத் தடவை போட்ட ஈடு முழுவதையும் வெளியே கொட்டச் சொன்னார். பிறகு நேராகத் துரையிடம் போய், "என் வாயால வந்த நட்டம்ங்க சேர்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

லண்டனில் நர்ஸாக இருக்கும் ஐயாவின் மகளுக்குச் செய்தி போனது. அவருடைய மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது, அந்த மகள் ஒருத்திதான். மாசியில் பார்சல் வந்தது. வெல்வெட் துணிப் பைக்குள் பளபளவென்று ஒரு புதுச் சுங்கான்.

அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். சுண்டு விரலை எச்சில் தொட்டு உள்ளே விட்டுத் துடைத்தார். விரல் கறுப்பாக வந்தது. நக்கிப் பார்த்தார்.

"தார் பூசியிருக்கான்."

நான் போனில் தேடிப் படித்துக் காட்டினேன். புதுச் சுங்கானின் கிண்ணத்துக்குள் கரித்தூளைப் பசையில் குழைத்துப் பூசுவார்களாம். புகைத்துப் புகைத்து உள்ளே சொந்தக் கரி படிகிற வரைக்கும் மரம் எரிந்துபோகாமல் அது காக்குமாம். சிலருக்கு அந்தச் சுவை ஒத்துவராதாம். அவர்கள் ஈரத் துணியால் துடைப்பார்கள், அதற்கும் போகாவிட்டால் சாராயம், அதற்கும் போகாவிட்டால் சேண்ட் பேப்பர்.

"பேசாம அப்படியே குடிங்கய்யா. பத்து நாள்ல பழகிரும்னு போட்டிருக்கு."

"போட்டவனுக்கு நாக்கு இருக்கா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய குவாட்டர்ஸ் வாசலில் வேலை ஆரம்பமானது. சுடுதண்ணீரில் நனைத்த துணியை விரலில் சுற்றி, காதுக்கு மருந்து போடுவதுபோல் மெல்லச் சுழற்றினார். துணி கறுத்தது. மாற்றினார். அதுவும் கறுத்தது. அவர் உடுத்திப் பழசான ஒரு சாரம் முழுவதும் கிழிந்து முடிந்தபோது உள்ளே கறுப்பு அப்படியே இருந்தது.

அடுத்தது சாராயம். அவர் வாழ்நாளில் தொட்டதில்லை, கடைக்குப் போகவும் மாட்டார். நான் போனேன். நான் அப்போது கோயில் கமிட்டிச் செயலாளர். கால் போத்தலைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்று வந்தேன். வளைவில் பஸ் ஆடியதில் பை சாய்ந்து போத்தல் தலையை நீட்டியது. பக்கத்தில் நின்றவர் எங்கள் கமிட்டித் தலைவர்.

"எனக்கில்லைங்க, சுங்கான் கழுவ" என்றேன். அதை இன்றுவரை அவர் நம்பவில்லை.

சாராயத்துக்குப் பாதிக் கறுப்பு போனது. மீதியைச் சேண்ட் பேப்பரால் தேய்த்தார். அடியில் பழுப்பு மரம் தெரிந்ததும் சிரித்தார். புகையிலை நிரப்பிப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்தார். சிரிப்புப் போய்விட்டது.

"இன்னும் தார் இருக்கு தம்பி."

அடுத்த ஞாயிறும் தேய்த்தார். அதற்கடுத்த ஞாயிறும். பிறகு ஞாயிறு வரைக்கும் காத்திருக்கவில்லை, சாப்பாட்டு நேரத்திலும் விரலில் சேண்ட் பேப்பரோடு உட்கார்ந்தார். தொழிற்சாலையில் எல்லோரும் சிரித்தோம். ரோலர்க்காரர்கள் அவர் தேய்ப்பதைப்போல நடித்துக் காட்டுவார்கள். நானும் நடித்துக் காட்டியிருக்கிறேன்.

பங்குனியில் கொழும்புத் தரகரிடமிருந்து கடிதம் வந்தது. நாங்கள் அனுப்பிய தேயிலையில் கருகல் வாடை அடிக்கிறதாம். துரை கடிதத்தோடு டேஸ்டிங் மேசைக்கு வந்தார். கடிதத்தில் சொன்ன ஈட்டின் சாம்பிளை ஊற்றிவைத்தார்கள். ஐயா உறிஞ்சினார், துப்பினார்.

"நல்லாத்தான் இருக்குங்க சேர்."

துரையும் உறிஞ்சினார். கரண்டியை என்னிடம் நீட்டினார். நான் கணக்கெழுதுகிறவன், தேயிலை பார்க்கத் தெரியாது. ஆனாலும் கருகல் என் தொண்டை வரைக்கும் வந்தது. ஐயா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்லியிருக்கலாம். "லேசா கருகலா இருக்குங்க" என்றேன்.

அன்று மாலை குவாட்டர்ஸுக்குக் கூப்பிட்டார்.

"அந்தத் தார் என் நாக்குல ஒட்டிக்கிச்சு. அதான் ருசி தெரியல. போன்ல லைட்டு இருக்குல்ல, உள்ளுக்கு அடிச்சுப் பாரு, இன்னும் எங்கிட்டு இருக்குன்னு."

சுங்கானுக்குள் வெளிச்சத்தை அடித்தேன். வெளிச்சம் அடிப்பக்கமாக வெளியே வந்து தரையில் விழுந்தது. தேய்த்துத் தேய்த்து ஓட்டை போட்டிருந்தார்.

"தார் இல்லைங்க ஐயா. மரமே இல்லைங்க."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் வாயைத் திறந்து நாக்கை மேலே தூக்கினார்.

"அப்ப இங்க பாரு."

நாக்கின் அடியில், இடது ஓரத்தில், ஓரம் தடித்து நடு வெளுத்த ஒரு புண். ஐம்பது சத நாணயத்தின் அகலம் இருக்கும். போனை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன்.

"தார் தெரியுதா?"

"புண்ணுங்க ஐயா. எத்தனை நாளா இருக்கு?"

வாயை மூடிக்கொண்டார். துணியால் விரலைத் துடைத்தார். விரலில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பொங்கலுக்கு முந்தி இருந்து."

புதுச் சுங்கான் வந்தது மாசியில். அதற்கு முன்பே புண் இருந்திருக்கிறது, ருசியும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த மரத்தைத் தேய்த்திருக்கிறார். சுங்கானில் குற்றம் இருந்துவிட வேண்டும் என்று ஒரு மனிதர் இரண்டு மாதம் பாடுபட்டிருக்கிறார். நாங்கள் அதை நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறோம்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் புண்ணிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி எடுத்தார்கள். முடிவு வந்ததும் கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். நாக்கில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும், பேச்சு முன்னைப்போல் வராது என்றார் டாக்டர்.

"மீதி நாக்க வச்சு டஸ்ட் டீயாவது பார்க்கலாம்ல?" என்று ஐயா கேட்டார். டாக்டருக்கு அது பகிடியா கேள்வியா என்று புரியவில்லை. எனக்கும்தான்.

கொழும்பில் வார்டில் சேர்த்த அன்று, பால் தேத்தண்ணி என்று ஒரு வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தார்கள். முழுவதையும் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி" என்றார். அவரைத் தெரிந்த இத்தனை வருஷத்தில் நான் பயந்தது அப்போதுதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். மகள் குவாட்டர்ஸிலேயே தங்கிப் பார்த்துக்கொண்டாள். பேச்சுக்குப் பதிலாக ஒரு கொப்பி. பார்க்கப் போனால், "டிரையரில் சூடு கூட, இங்கு வரைக்கும் மணக்கிறது" என்று எழுதிக் காட்டுவார். தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்தால் சூடு கூடித்தான் இருக்கும். ஐப்பசி மழையில், நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லாத ஒரு மத்தியானத்தில் போய்விட்டார்.

கொழும்புக்கு அவரைக் கூட்டிப்போன அந்த ரயில் பயணத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. மகள் நேரே கொழும்புக்கு வந்துகொண்டிருந்தாள், துணைக்கு நான் மட்டும் போனேன். தலவாக்கலையில் ரயில் புறப்பட்டதும் பேச ஆரம்பித்தார். முதன்முதலில் வாங்கிய அடி, மனைவியிடம் சொன்ன பொய், நாலு துரைமாரின் குறட்டை, நடந்தது நடக்காதது எல்லாம். வலிக்கும்போது கன்னத்தைப் பிடித்துக்கொள்வார், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஹட்டன் தாண்டியது, வட்டவளை தாண்டியது. நாவலப்பிட்டி வரைக்கும் கேட்டேன். அதற்கு முன் மூன்று நாள் எனக்குத் தூக்கமில்லை. கண் சொருகிவிட்டது.

பொல்காவலையில் விழித்தேன். அவர் அப்போதும் பேசிக்கொண்டிருந்தார், ஜன்னலைப் பார்த்து, உதடு மட்டும் அசைய. எதிர் இருக்கையில் ஒரு சிங்கள அம்மா இருந்தார். நீ எழும்பிவிடக் கூடாது என்று ஐயா வழி நெடுக மெல்லிய குரலில்தான் பேசிக்கொண்டு வந்தார் என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னார். பிறகு, "தாத்தாத?" என்று கேட்டார். உன் அப்பாவா என்று அர்த்தம்.

ஐயாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓவ்" என்றேன் நான். ஆமாம் என்று அர்த்தம்.