மந்திரிக்கு ஒரு துணை

என் செல்லப் பேத்திக்கு,

தாத்தா தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், என் இடது கைச் சுட்டுவிரலைத் தவிர. அதன் கதை கீழே வருகிறது. விடுதிச் சாப்பாடு எப்படி இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு. எல்லாவற்றையும் போனிலேயே சொல்லியிருப்பேன். "வேணாம் தாத்தா, இப்பதான் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டீங்களே, எழுதி அனுப்புங்க" என்று நீதான் சொன்னாய். அனுபவி. நான் ஒரு வரி எழுதுவதற்குள் உன் அம்மா ஒரு வேளைச் சமையலையே முடித்துவிடுகிறாள். ஆனாலும் ஜெர்பில் என்ற சொல்லை யாரையும் கேட்காமல் நானே எழுதினேன். இன்னொரு முறை எழுதுகிறேன் பார்: ஜெர்பில்.

பார்ப்பவர்கள் எலி என்று சொல்லும் உன் ஜெர்பில் ஜோடியில் ராஜா செத்துப்போன பிறகு மந்திரி மூலையில் உட்கார்ந்துகொண்டு சூரியகாந்தி விதையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று நான் சொன்னதும், "அதுவும் போயிடுமா தாத்தா?" என்று போனில் அழுதாயே, அந்த அழுகை என் காதிலேயே நின்றுவிட்டது. ஜெர்பிலுக்குத் தனிமை ஆகாது, துணை வேண்டும் என்றாய். தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரும் ஒன்று வளர்க்கிறார் என்பது நினைவுக்கு வந்து போய்க் கேட்டேன். "தாராளமா கொண்டு போங்க பெரியவரே. கடையில ஒரு டியூபை விட்டு வைக்கல. நான் ஒட்டற வேகத்தைவிட இவன் ஓட்டை போடற வேகம் ஜாஸ்தி" என்று அட்டைப்பெட்டியோடு கொடுத்துவிட்டு, பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்கு டயர் என்று நான் பெயர் வைத்தேன். இரண்டும் ஒரே மண் நிறம், ஒரே அளவு, ஒரே மீசை.

எடுத்த எடுப்பில் சேர்த்து விடக்கூடாது, கண்ணாடித் தொட்டியின் நடுவே வலைத் தடுப்பு வைக்க வேண்டும், ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழகும்படி தினமும் பக்கம் மாற்றி விட வேண்டும் என்று நீ சொன்னதையெல்லாம் அப்படியே செய்தேன். வலைதான் கிடைக்கவில்லை. சமையலறை ஜன்னலில் கொசுவலை சும்மாதானே இருக்கிறது என்று அதை வெட்டி வைத்தேன். மாலையில் கொசுக்கள் உள்ளே வந்தன, பின்னாலேயே உன் அம்மாவும் வந்தாள். "மாமா, எலிக்குக் கல்யாணம் பண்ண என் ஜன்னலா கிடைச்சுது?" என்றாள். "கல்யாணம் இல்லம்மா, ரெண்டும் ஆம்பளை, வெறும் சிநேகிதம்" என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டும் வலையைக் கடித்துத் துளை போட்டுச் சந்தித்துவிட்டன. சந்திப்பு என்றால் குசலம் விசாரிப்பதல்ல. ஒரே பந்தாக உருண்டன. பதறிப்போய்க் கையை விட்டேன், விரலில் ஒரு பல் இறங்கியது, நான் கையை உதறினேன், பந்து இரண்டாகி ஒன்று உன் அப்பாவின் காலணிக்குள்ளும் இன்னொன்று துடைப்பத்துக்கு அடியிலும் ஓடியது. நான் பிடிதுணியோடும் உன் அம்மா வாளியோடும் துரத்திப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் விட்டோம். கடித்தது டயர்தான், அந்த முழியைப் பார்த்தாலே தெரிந்தது. மந்திரி நம் வீட்டில் வளர்ந்த பிள்ளை, அது கடிக்குமா?

பிறகு பஞ்சர் கடைக்காரரிடமே இரும்பு வலை வாங்கி வைத்து, தினமும் பக்கம் மாற்றினேன். டயர் அன்றிலிருந்தே வெளுத்துக் கட்டியது. விதை, அட்டை, ஒன்றையும் விடவில்லை, தின்று முடித்துப் பின்னங்காலால் தரையைத் தட்டி இன்னும் கேட்டது. மந்திரியோ முன்னைவிட மோசம், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விதையாக உரித்துக் கொடுத்தேன். உன் குரலை நினைத்துக்கொண்டு பல நாள் எனக்கே சோறு இறங்கவில்லை. "வந்த இடத்துல இப்படியா நடந்துக்குவே? உன்னை வளர்த்தவரைச் சொல்லணும்" என்று டயரைத் திட்டுவேன். "பாவம் மாமா, அதுக்கும் காது இருக்கு" என்பாள் உன் அம்மா. எலி என்று சொன்ன அதே அம்மாதான்.

நேற்று தொட்டியைக் கழுவி, புது மணல் போட்டு, தடுப்பை எடுத்தோம். நான் பிடிதுணியோடு ஒரு பக்கம், உன் அம்மா கரண்டியோடு மறுபக்கம். டயர் நேராக மந்திரியிடம் போனது. "ஐயோ, போச்சு" என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். "மாமா, கண்ணைத் திறங்க" என்றாள். டயர் மந்திரியின் முகத்தை நக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது! கொஞ்ச நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்கின. இன்று காலை மந்திரி தானாகவே விதை உரித்துத் தின்றது. அந்த முரடனையும் மன்னித்துத் தன் வீட்டில் இடம் கொடுத்த பெருந்தன்மையைப் பார், எல்லாம் நம் வளர்ப்பு. இனி நீ அழக்கூடாது.

நன்றாகப் படி, நன்றாகத் தூங்கு, நல்ல சிநேகிதிகள் அமையட்டும். உன் அப்பா தன் காலணியைத் தினமும் தட்டிப் பார்த்துப் போட்டுக்கொள்கிறார், உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
எழுதத் தெரிந்த உன் தாத்தா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது பஞ்சர் கடைக்காரர் தன் பிள்ளையைப் பார்க்க வந்தார். தொட்டிக்குள் கையை விட்டு, நேராக மந்திரியைத் தூக்கினார். "அது எங்க மந்திரிங்க" என்றேன். "மந்திரியாவது ஒண்ணாவது, இது என்னுது பெரியவரே. காது ஓரத்துல வெட்டு இருக்கு பாருங்க, பம்புல மாட்டிக்கிட்டது" என்றார். அதுவும் அவர் சட்டைக் கைக்குள் புகுந்து தோள் வரை ஏறிவிட்டது. உன் அம்மா சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. அந்தப் பந்து பிரிந்த அன்றே பிள்ளைகளை மாற்றிவிட்டேன் கண்ணு. என்னைக் கடித்ததும், அன்றிலிருந்து மூன்று வேளையும் வெளுத்துக் கட்டியதும் உன் மந்திரிதான். நான் மடியில் வைத்துத் தேற்றியது இடம் மாறி வந்து ஏங்கிய டயரை. ஆகவே, வலை வெட்டியதற்குப் பிறகு டயர் என்று வரும் இடத்திலெல்லாம் மந்திரி என்றும், மந்திரி என்று வரும் இடத்திலெல்லாம் டயர் என்றும் படித்துக்கொள். வளர்ப்பைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவிடு. திருத்தி எழுதலாம்தான், ஆனால் நான் எழுதி முடிப்பதற்குள் நீயே விடுமுறைக்கு வந்துவிடுவாய். வா.